ஐந்து இடங்கள், ஒரு பகல், ஒரு பன்றி

கிரீஸில் உள்ள மைசீனி என்ற பழங்காலக் கோட்டையின் டிக்கெட் கவுண்ட்டர் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே கிரேக்கத்தில் நாலு வரி, கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. நவம்பர் 1 முதல் குளிர்கால நேரம். மூடுவது பிற்பகல் 3.30. நான் அதைப் படித்தபோது மணி 12.10. என் பைக்குள் இருந்த பயணத் திட்டத்தில், பழைய நாடக அரங்கம் உள்ள எபிடாரஸுக்குப் போய்ச் சேரும் நேரம் 4.15 என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

ஏதென்ஸில் ஒரு பருவம் மட்டும் படிக்க வந்திருந்த பரிமாற்ற மாணவர்கள் நாங்கள். மொத்தம் 23 பேர், பதினொரு நாடுகள். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் சேர்ந்து ஒருநாள் பெலோப்பனீஸ் பக்கம் போய்வரலாமா?" என்று கேட்டது நான்தான். பெலோப்பனீஸ் என்பது கிரீஸின் தெற்குத் தீபகற்பம். இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்பவர் தலையிலேயே வேலையும் விழும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நானே பொருளாளர், நானே அமைப்பாளர், நானே கணக்குப்பிள்ளை. உதவிக்கு ஒரே ஒருத்தி, கட்டடக்கலை படிக்கும் கிரேக்கத் தோழி.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பணம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 25 வயதுவரை கிரேக்கத் தொல்லியல் இடங்களில் அனுமதி இலவசம். என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் குழுவில் அப்படி ஒன்பது பேர். குடியிருப்பு அட்டை கையில் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. கவுண்ட்டரில் பார்ப்பது பாஸ்போர்ட்டை. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்குமே இலவசம். நவம்பரின் முதல் ஞாயிறு அடுத்த வாரமே வருகிறது என்று தெரிந்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. இலவசம் தொடங்கும் அதே நாளில் குளிர்கால நேரமும் தொடங்குகிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்குக் கிடைத்த திட்டம், முந்தைய ஆண்டு மாணவர்கள் மே மாதத்தில் போய்வந்து எழுதிவைத்தது. மே மாதத்தில் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். அதை அப்படியே நகல் எடுத்தேன்.

திட்டத்தில் ஐந்து இடங்கள்: கொரிந்துக் கால்வாய், பழைய கொரிந்து, மைசீனி, மதியச் சாப்பாட்டுக்கு நாஃப்பிலியோ, கடைசியாக எபிடாரஸ். ஒரு பகலில் ஐந்து. தாளில் எழுதும்போது எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ் 7.35-க்குக் கிளம்பியது. இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஓட்டுநர் ஐம்பது வயது தாண்டியவர், மீசைக்காரர். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பதைக் கண்டு "ஸிகா ஸிகா" என்றார். மெல்ல மெல்ல என்று பொருள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மெல்லப் போகிறவர் இல்லை. தன் வேலைநாள் ஏழு மணிக்குத் தொடங்கிவிட்டது, இரவு எட்டு மணிக்குள் வண்டி நிறுத்தத்தில் இருந்தாக வேண்டும், அதற்குமேல் ஒரு நிமிடமும் முடியாது என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். ஐரோப்பாவில் ஓட்டுநரின் ஓய்வு நேரம் சட்டம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், நாளுக்கு இத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓய்வு தந்தாக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு; வண்டியில் உள்ள கருவி அதைப் பதிவுசெய்துகொண்டே வரும். கெஞ்சினால் அரை மணி கூடக் கிடைக்கும் என்ற நம் ஊர் நினைப்பு அங்கே செல்லாது. எங்கள் தாமதத்தின் 35 நிமிடம் எங்கள் கணக்கிலிருந்துதான் போனது.

கால்வாயில் இருபது நிமிடம் என்று எழுதியிருந்தேன். நாற்பது ஆனது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால், செங்குத்தாக வெட்டிய இரண்டு சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே நீலத் தண்ணீர் ஒரு கோடு. 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். அடியில் அகலம் வெறும் 21 மீட்டர். கி.பி. 67-இல் நீரோ மன்னன் கைதிகளை வைத்து வெட்டத் தொடங்கியதை 1893-இல்தான் முடித்தார்கள். இதையெல்லாம் பார்க்க ஏழெட்டு நிமிடம் போதும். மீதி நேரம் எங்கே போனதென்றால், கழிப்பறை வரிசையில். சிற்றுண்டிக்கடையில் இரண்டே கழிப்பறை, எங்களுக்கு முன்னால் இன்னொரு பஸ். இருபதுக்கு மேற்பட்ட ஆட்களோடு போகிறவர்கள் வரலாற்று இடங்களுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் கழிப்பறைக்கு எவ்வளவு நேரம் என்று போடுங்கள். ஒரு நிறுத்தத்துக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பழைய கொரிந்தில் அப்பல்லோ கோயிலின் ஏழு தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல். 2,500 ஆண்டுகளுக்கு மேல் வயது. எனக்கு அதைவிடக் கீழே சந்தைவெளியில் இருந்த கல்மேடைதான் கண்ணில் நின்றது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்களைத் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! கொரிந்தியர் என்பவர்கள் இப்படி ஒரு மலையடிவாரத்தில், இந்தத் தெருவில் நடந்து கடைக்குப் போனவர்கள் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. ரோமானிய ஆளுநர் கல்லியோன் முன்னால் பவுலை நிறுத்தியது அந்த மேடையில்தான் என்று சொல்கிறார்கள்.

அங்கேதான் எண்ணிக்கைக் குளறுபடியும் நடந்தது. பஸ் வாசலில் நின்று தலைகளை எண்ணினேன், 23 சரியாக இருந்தது, கிளம்பச் சொல்லிவிட்டேன். கிராமத்து முனை திரும்புவதற்குள் தொலைபேசி அடித்தது. கொரியத் தோழி அருங்காட்சியகத்து வாசலில் தனியாக நிற்கிறாள். எப்படி? நான் எண்ணியபோது பையன்களோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஓட்டுநரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். அதற்குப் பிறகு தலை எண்ணுவதையே விட்டுவிட்டோம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, "உன் ஜோடி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டோம். ஒற்றையாக மிஞ்சிய ஆளுக்கு நான் ஜோடி. மாலைவரை ஒரு பிழையும் இல்லை. குழந்தைகளுக்குச் செய்வது போல இருக்கிறதே என்று முதலில் முணுமுணுத்த போர்த்துகீசியன்தான், அடுத்த நிறுத்தத்தில் தன் ஜோடியைக் காணோம் என்று முதல் ஆளாகக் கத்தினான்.

இப்படியாக 12.10-க்கு மைசீனி. அந்தத் தாள்.

தோழியிடம் காட்டினேன். அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள், மொழிபெயர்க்கவில்லை. மலையில் பாதி தூரம் ஏறியிருந்தவர்களை நிறுத்தி, வழியிலேயே கூட்டம் போட்டோம். எபிடாரஸிலும் இதே நேரம்தான். நாஃப்பிலியோவில் சாப்பிட்டுவிட்டுப் போனால் அதன் பூட்டைத்தான் பார்க்கலாம். இங்கிருந்து 1.40-க்குக் கிளம்பி, சாப்பிடாமல் நேரே போனால் அங்கே ஒரு மணி நேரம் கிடைக்கும். சாப்பாடா, அரங்கமா? 14 பேர் அரங்கத்துக்குக் கை தூக்கினார்கள். மீதி ஒன்பது பேர் நாள் முழுக்க என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.

சிங்க வாயில் முன்னால் இன்னொரு பாடம். இரவு முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தேன். எல்லாரையும் அரைவட்டமாக நிறுத்தி உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் காவலர் அம்மா ஒருவர் வந்தார். உரிமம் பெற்ற வழிகாட்டியா நான் என்று கேட்டார். கிரீஸில் தொல்லியல் இடங்களில் கூட்டத்துக்கு விளக்கம் சொல்வது உரிமம் உள்ளவர்கள் செய்யும் தொழில். யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. நான் ஒரு மாணவன், இவர்கள் என் நண்பர்கள் என்று தோழி பேசிச் சமாளித்தாள். அவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே நடங்கள் என்று அனுப்பிவைத்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே சொல்லி முடித்துவிட்டு உள்ளே போவதுதான் சரி. உண்மையில் அதுதான் நன்றாகவும் இருக்கிறது. பஸ்ஸில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், கேட்பார்கள். இடத்தில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வாயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுமார் கி.மு. 1250. மேலே படுத்திருக்கும் உத்தரக்கல் மட்டும் ஏறக்குறைய 20 டன். அவ்வளவு பெரிய கல்லின் மேல் மதிலின் முழுப் பாரமும் இறங்கினால் நடுவில் முறிந்துவிடும் என்று, அதற்கு மேலே முக்கோணமாக இடம் விட்டு, பாரத்தை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த முக்கோணத்தை மூடும் மெல்லிய பலகைக் கல்லில்தான் இரண்டு சிங்கங்கள். தலைகள் இல்லை, வேறு பொருளில் செய்து பொருத்தியிருந்திருக்க வேண்டும். எல்லாரும் சிங்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறார்கள். கீழே வாசற்படியைப் பார்க்க வேண்டும். தேய்ந்து வழவழத்த அந்தக் கல்லில் தூறல் விழுந்திருந்தது. பல்கேரியத் தோழி அதில் சறுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். சுற்றிக் கட்டும் பட்டைத்துணி என் பையில் இருந்தது. அன்று நான் சரியாகச் செய்த ஒரே முன்னேற்பாடு அது. பழைய கல் மழையில் எண்ணெய் தடவியது போலாகும். அடியில் நல்ல பிடிமானம் உள்ள காலணிதான் போட வேண்டும்.

வாயிலைத் தாண்டியதும் வலப்புறம் வட்டமாகக் கல்பலகைகள் நட்ட இடுகாடு. 1876-இல் ஹைன்ரிச் ஷ்லீமன் இங்கே தோண்டி, பொன் முகமூடிகள், பொன் பட்டங்களோடு புதைத்த அரச குடும்பத்தாரைக் கண்டெடுத்தார். ஒரு முகமூடியை, ட்ராய்ப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கியதாகக் காவியம் சொல்லும் மன்னன் அகமெம்னானுடையது என்று நம்பினார். அந்தப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பழையது அது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

1876 என்றதும் எனக்கு வேறொரு மேடு நினைவுக்கு வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர் எனக்கு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் ஆதிச்சநல்லூரைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் செம்மண் மேடும் கம்பிவேலியும். அதே 1876-இல்தான் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் அங்கே தோண்டி முதுமக்கள் தாழிகளை எடுத்தார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது இறந்தவர்களின் பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. இரண்டு ஊருக்கும் தொடர்பு என்று நான் சொல்ல வரவில்லை. காலமும் வேறு, மக்களும் வேறு. ஆனால் ஒன்றைப் பார்க்க இத்தனை கடல் தாண்டி வந்து, வரிசையில் நின்று, தூறலில் நனைகிறேன். இன்னொன்றில் ஒருமுறைகூட பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை. கானாவிலிருந்து வந்த நண்பனிடம் இதைச் சொன்னேன். "எங்கள் ஊரிலும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதைப் பார்க்க விருந்தாளி வர வேண்டும்" என்றான்.

இன்னொன்று. அந்த முகமூடிகளின் அசல்கள் மைசீனியில் இல்லை, ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதல்நாளே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அந்தக் குழிகள் வெறும் குழிகளாகத் தெரிந்திருக்காது. நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

கோட்டையிலிருந்து இறங்கி அரை கிலோமீட்டரில் அட்ரியஸின் கருவூலம். பெயர்தான் கருவூலம், உண்மையில் கல்லறை. ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம் என்பது தெரியாமல் பல பஸ்கள் நேரே கடந்துபோகின்றன. 36 மீட்டர் நீளமுள்ள திறந்த கல்பாதையில் நடந்து உள்ளே நுழைந்தால் சட்டென்று குளிர்ச்சி. தேன்கூடு போலக் குவிந்த கூடம், உயரம் சுமார் 13 மீட்டர். கல்லைச் சுற்றுச்சுற்றாக அடுக்கி, ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சம் உள்நோக்கி நீட்டி, உச்சியில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சாந்து கிடையாது. வாசலின் மேலே இருக்கும் உள்பக்க உத்தரக்கல் 120 டன் என்று மதிப்பிடுகிறார்கள். சிங்க வாயிலின் கல்லைப் போல ஆறு. அதை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று கட்டடக்கலைத் தோழி மண்ணால் போட்ட சாய்தளம், உருளைகள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில் யாரோ காலைத் தரையில் தட்டினார்கள். ஓசை மேலே போய், சுழன்று, எங்கள் தலைமேல் திரும்பி விழுந்தது. சாப்பாட்டுக்குக் கை தூக்கிய ஒன்பது பேரும் அப்போது பேசாமல் நின்றார்கள்.

அங்கே பத்து நிமிடம்தான் இருந்தோம். கால்வாயில் கழிப்பறைக்கு அரை மணி, இங்கே பத்து நிமிடம். இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எபிடாரஸ் போகும் வழி ஆர்கோலிஸ் சமவெளி. இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டம். பஸ்ஸில் பசிக்குரல் கூடிக்கொண்டே போனது. காலையில் வாங்கிய எள் வளைய ரொட்டிகள் தீர்ந்துவிட்டன. ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தி இறங்கிப் போய், வலைப்பையில் ஒரு பை ஆரஞ்சுடன் வந்தார். தோலில் இன்னும் பச்சை மாறாத, இலையோடு பறித்த பழங்கள். பணம் கொடுக்கப் போனேன், கையை மட்டும் அசைத்தார். வண்டி முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை. அன்றைய மதியச் சாப்பாடு அது.

2.30-க்கு எபிடாரஸ். அரங்கத்துக்கு ஓடினோம், ஓட்டம் என்றே சொல்ல வேண்டும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கீழே 34, மேலே 21, ஆக 55 வரிசை. நான் கீழே, நடுவட்டக் கல்லின் மேல் நின்றேன். தோழி கடைசி வரிசைக்கு ஏறினாள். வழிகாட்டிகள் நாணயத்தைப் போடுவார்கள், தாளைக் கிழிப்பார்கள். நாங்களும் போட்டுப் பார்த்தோம். பாதி உயரத்தில் இருந்தவர்கள் நாணயம் என்றார்கள். கடைசி வரிசைக்கு ஏதோ ஒரு சத்தம் மட்டும். நெதர்லாந்தில் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் அளந்து பார்த்துச் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்: ஊசி விழுந்தாலும் உச்சிவரை கேட்கும் என்பது மிகை. பிறகு நான் சாதாரணக் குரலில், கத்தாமல், தமிழில் ஒன்று முதல் பத்துவரை சொன்னேன். மேலிருந்து அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாதவள் ஏழுக்கு "யேலு" என்றும் எட்டுக்கு "எட்டு" என்றும் பிசகில்லாமல் சொன்னாள். பேச்சு போகிறது. சுண்ணாம்புக்கல் இருக்கை வரிசைகள் கூட்டத்தின் முணுமுணுப்பு போன்ற தாழ்ந்த ஒலிகளை அமுக்கிவிட்டு, சொல்லைப் பிரித்துக்காட்டும் உயர்ந்த ஒலிகளை விட்டுவிடுகின்றன என்று 2007-இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள். நாடகத்துக்குத் தேவையானதும் அதுதானே.

3.15-க்கே விசில் ஊதத் தொடங்கிவிட்டார்கள். ஏறிய கால்வலியோடு இறங்கினோம். அரங்கத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அங்கே முக்கியமானது அரங்கமே இல்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. எபிடாரஸ் வைத்தியக் கடவுள் அஸ்கிலிபியஸின் தலம். நோயாளிகள் வந்து குளித்து, பலி கொடுத்து, தூங்குவதற்கென்றே கட்டிய மண்டபத்தில் இரவு படுப்பார்கள். கனவில் கடவுள் வந்து குணப்படுத்துவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அதன் கலையரங்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நாங்கள்.

குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தோழி ஒலிபெருக்கியை வாங்கி ஒன்றைச் சொன்னாள். ஏதென்ஸைச் சேர்ந்த அம்ப்ரோசியாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. கோயிலைச் சுற்றிவந்து, கனவு கண்டால் முடவன் நடப்பானா, குருடன் பார்ப்பானா என்று சிரித்தாள். அன்றிரவு கனவில் கடவுள் வந்தார். குணப்படுத்துகிறேன், ஆனால் உன் அறியாமையின் நினைவாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து கோயிலுக்கு வைக்க வேண்டும் என்றார். கண்ணைக் கீறி மருந்து ஊற்றினார். விடிந்ததும் பார்வையோடு வெளியே வந்தாள். "வெள்ளிப் பன்றி!" என்று போர்த்துகீசியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நாஃப்பிலியோவில் 4.15-க்கு மதியச் சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல்: உணவுவிடுதியில் "நிஸ்திசிமா" என்று கேளுங்கள். கிரேக்கத் திருச்சபையின் விரதச் சாப்பாடு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்து, ரொட்டியோடு தந்தார்கள். ஆனால் விரதத்தில் இறாலும் கணவாயும் சாப்பிடலாம் என்பது அவர்கள் வழக்கம், அதனால் இரண்டாவது கேள்வியும் கேட்க வேண்டும். 1834 வரை இந்தச் சின்ன ஊர்தான் நவீன கிரீஸின் தலைநகரம். 999 படி என்று சொல்லப்படும் பலமிதிக் கோட்டையும் 3.30-க்கே மூடிவிட்டது. யாரும் வருந்தவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்கு நடுவே நிற்கும் பூர்ட்ஸிக் கோட்டைக்குப் பின்னால் 5.20-க்குச் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். எந்தத் திட்டத்திலும் இல்லாத அந்த அரை மணி நேரத்தைத்தான் பிறகு எல்லாரும் பேசினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆறு பேர் மட்டும் பொதுப் பேருந்தில் எபிடாரஸுக்கு மறுபடி போனோம். ஒரே இடம், முழுப் பகல். தூங்கும் மண்டபத்தின் அடித்தளத்தில் அரை மணி உட்கார்ந்திருந்தோம். அருங்காட்சியகத்தில் அந்தக் கல்வெட்டுகளைக் கண்ணாலேயே பார்த்தோம்.

அந்த முதல் பயணத்துக்கே திரும்புகிறேன். அன்று மாலை 5.50-க்கு நாஃப்பிலியோவிலிருந்து பஸ் கிளம்பியதும் எல்லாரும் கை தட்டத் தொடங்கினார்கள். கானா நண்பன் எழுந்து வந்து ஒரு காகிதப்பையை நீட்டினான். நினைவுப்பொருள் கடைகளில் ஆந்தையும் சிங்கமும் கழுதையும் குவிந்து கிடக்கும் ஊரில், எங்கேயோ தேடிப்பிடித்து, வெள்ளிச் சாயம் பூசிய பன்றிச் சாவிக்கொத்து ஒன்று வாங்கியிருந்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். தோழி அம்ப்ரோசியாவிலிருந்து தொடங்கி, மே மாதத் திட்டம், கவுண்ட்டர் தாள்வரை கிரேக்கத்தில் சொன்னாள். அவர் நன்றாகச் சிரித்தார். பிறகு ஏதோ சொன்னார். அவள் என்னிடம் திரும்பினாள்.

"வாரம் இரண்டு முறை இந்த வழியில் வருகிறாராம். 3.30-க்கு மூடுவார்கள் என்று காலையிலேயே தெரியுமாம். யாருமே கேட்கவில்லையே என்கிறார்."